மெகலோடான் ஆழத்துக்குப் போகவில்லை

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையில் என் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளில், மெகலோடான் என்ற பழங்காலப் பெருஞ்சுறா இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதை நம்பாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஒட்டுக்கடைப் பேச்சில் இன்னும் பழைய பெயர்தான் புழங்குகிறது. சுற்றிலும் செம்பனை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கோலசிலாங்கூருக்குப் போக வேண்டும். ஆனாலும் கடலுக்கடியில் பஸ்ஸைவிட நீளமான சுறா ஒன்று உலவுகிறது என்பதில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஐயமே கிடையாது. கைப்பேசியில் காணொளி பார்த்திருக்கிறார்கள். அவர்களுடைய அப்பாக்களும் பார்த்திருக்கிறார்கள்.

அவர்கள் சொல்லும் காரணம் இதுதான்: "கடலின் பெரும்பகுதியை மனிதன் பார்த்ததே இல்லை, டீச்சர். பார்க்காத இடத்தில் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம் அல்லவா?"

நல்ல கேள்வி. இதைச் சிரித்து ஒதுக்குகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். 2025-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆழ்கடல் தரையில் 0.001 விழுக்காட்டுக்கும் குறைவான பரப்பைத்தான் மனிதர்கள் இதுவரை கண்ணாலோ கேமராவாலோ பார்த்திருக்கிறார்கள் என்று கணக்கிட்டது. ஆக, பிள்ளைகள் சொல்வதன் முதல் பாதி உண்மை. பார்க்காத இடத்தில் எதுவும் இருக்கலாம் என்ற இரண்டாம் பாதியில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது.

என் மேசையில் மெகலோடானின் பல் ஒன்று இருக்கிறது. மேற்கு ஜாவாவின் சுக்காபூமி வட்டாரத்தில் மண்ணிலிருந்து தோண்டியெடுக்கப்பட்டது என்று விற்றவர் சொன்னார். அந்தப் பகுதியில் இத்தகைய பற்கள் கிடைப்பது தெரிந்த செய்திதான். உள்ளங்கையை நிறைத்து, விரல்களின் பாதி வரை வருகிறது. கறுப்பும் பழுப்பும் கலந்த சாம்பல் நிறம். வேர்ப்பகுதி சொரசொரப்பாக, கனமாக இருக்கிறது. அதற்கு மேலே பளபளப்பான எனாமல், நீளவாக்கில் மெல்லிய வெடிப்புகளோடு. ஓரத்தில் நகத்தை ஓட்டினால் நுண்ணிய ரம்பப் பற்கள் ஒவ்வொன்றாகத் தட்டுப்படுகின்றன. நுனி மட்டும் சற்று உடைந்திருக்கிறது. எதையோ கடித்தபோது உடைந்ததா, மண்ணுக்குள் உடைந்ததா என்று பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் சண்டை போடுவார்கள். இது நடுத்தரப் பல். கிடைத்தவற்றுள் மிகப் பெரியவை ஏறத்தாழ 18 சென்டிமீட்டர்.

சுறாவுக்கு எலும்புக்கூடு கிடையாது. உடலைத் தாங்குவது குருத்தெலும்பு, அது பெரும்பாலும் மக்கிப்போகும். அதனால் மெகலோடானைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி பற்களும் சில முதுகெலும்புக் கண்ணிகளும் சொன்னவை. நீளம் 15 மீட்டரிலிருந்து 20 மீட்டர் வரை இருக்கும் என்று பலர் கணித்தார்கள். 2025-இல் வந்த கணிப்பொன்று 24 மீட்டர் வரைகூடப் போயிருக்கலாம் என்கிறது. இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்தே வெப்பக் கடல்களில் அது கோலோச்சியது. 2019-இல் புதைபடிவங்களின் வயதை மறுபடி சரிபார்த்தவர்கள், ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அது அற்றுப்போனது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இந்தச் சுறா எங்கே வாழ்ந்தது, என்ன தின்றது, உடல் எப்படி இயங்கியது என்பதைக் கேட்காமல் ஆழ்கடலில் இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. காணொளிகள் தாவிச் செல்வது இந்த இடத்தைத்தான்.

முதலில் அதன் உடம்பு. 2023-இல் பற்களின் எனாமலில் இருந்த ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை, ஆராய்ந்தார்கள். மெகலோடானின் உடல் வெப்பம் ஏறத்தாழ 27 பாகை செல்சியஸ், சுற்றியிருந்த நீரைவிட 7 பாகை கூடுதல் என்று தெரிந்தது. உடம்பைச் சூடாக வைத்திருக்கும் உயிர் நிறையத் தின்றாக வேண்டும். 2022-இல் 16 மீட்டர் நீளமுள்ள ஒரு மெகலோடானின் உடலை முப்பரிமாண மாதிரியாக அமைத்தவர்கள், அதற்கு நாளொன்றுக்கு 98,000 கலோரிக்குமேல் தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கிட்டார்கள். வளர்ந்த மனிதருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2,000 போதும். அத்தனை பெரிய பசிக்கு ஈடுகொடுத்தவை திமிங்கிலங்கள். மெகலோடானின் கடித்தடம் பதிந்த திமிங்கில எலும்புகள் பல இடங்களில் கிடைத்திருக்கின்றன.

திமிங்கிலம் மூச்சுவிட மேலே வர வேண்டிய விலங்கு. இதைச் சொன்னவுடனே சில பிள்ளைகளின் முகம் மாறும். அவர்களுக்குப் புரிந்துவிடும்.

ஆழத்தில் என்ன இருக்கிறது? 200 மீட்டரைத் தாண்டினால் ஒளி மங்குகிறது. 1,000 மீட்டருக்குக் கீழே முழு இருட்டு. வெப்பம் இரண்டிலிருந்து நான்கு பாகைக்குள். இருட்டோ குளிரோ அழுத்தமோ அங்கே முதல் தடை என்று நான் சொல்ல மாட்டேன். அவற்றுக்கெல்லாம் பழகிய உயிர்கள் உண்டு. 2022-இல் ஜப்பானுக்குத் தெற்கே ஒரு பள்ளத்தில் 8,336 மீட்டர் ஆழத்தில் நீந்திய மீனைப் படம் பிடித்திருக்கிறார்கள். ஆழத்தின் முதல் தடை பசி. மேலே வெயிலில் விளையும் உணவில் மிகச் சிறு பங்குதான் செத்த நுண்ணுயிராகவும் கழிவாகவும் துகள் துகளாகக் கீழே இறங்குகிறது. இறங்கும் வழியிலேயே அதிலும் பெரும்பகுதி தின்னப்பட்டுவிடுகிறது. எப்போதாவது செத்த திமிங்கிலம் ஒன்று தரைக்கு வந்து சேரும். அந்த ஒரு பிணம் ஆழ்கடல் உயிர்களுக்குப் பல்லாண்டு விருந்து. அதனால் அங்கே வாழ்பவை பெரும்பாலும் சிறியவை, மெதுவானவை, கிடைத்ததைக் கொண்டு காலம் தள்ளுபவை. நாளொன்றுக்கு 98,000 கலோரி கேட்கும் உடம்போடு அங்கே குடியேற முடியாது.

சுறா இனத்துக்கே அங்கே ஓர் எல்லை இருக்கிறது. எலும்புமீன்களுக்கு இருப்பதுபோல் சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல்தான் அதை மிதக்க வைக்கிறது. அந்த எண்ணெயைச் சேர்த்துவைக்க நல்ல உணவு வேண்டும். 2006-இல் உலகம் முழுவதும் கிடைத்த பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 3,000 மீட்டருக்குக் கீழே சுறாக்கள் அநேகமாக இல்லை என்று தெரியவந்தது. கடலின் சராசரி ஆழமோ ஏறத்தாழ 3,700 மீட்டர். வெள்ளைச் சுறா ஆயிரம் மீட்டருக்கும் கீழே முங்கும். திமிங்கிலச் சுறா 1,900 மீட்டர் வரை இறங்கியதைக் கருவி பதிவு செய்திருக்கிறது. இரண்டுமே திரும்பி மேலே வந்துவிடுகின்றன. சோறு மேலேதான்.

என் பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். கரை மறைந்த பிறகு தண்ணீர் கறுத்துக்கொண்டே போனதாகவும், தளத்தில் இருந்த பெண்கள் ஓரத்துக்குப் போய்க் குனிந்து பார்க்கக்கூட மாட்டார்கள் என்றும் சொல்வார். "அடியில் என்ன கிடக்கிறதோ, யார் கண்டது?" என்பார். வங்காள விரிகுடாவின் சராசரி ஆழம் 2,600 மீட்டர் என்று பிற்பாடு படித்தபோது அந்தப் பெண்களின் அச்சம் எனக்கு விளங்கியது. எங்கள் பிள்ளைகள் பார்க்கும் மலாக்கா நீரிணை அப்படிப்பட்டதன்று. கப்பல்கள் போகும் தடத்திலேயே ஆழம் குறைந்த இடங்களில் 25 மீட்டர்தான். 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது இந்த நீரிணையின் பெரும்பகுதி வெறும் தரை. சுமத்ராவுக்கு நடந்தே போயிருக்கலாம். கடல் என்றதும் அடியில்லாத ஆழம் என்று நினைத்துக்கொள்வது எங்களைப் போன்ற உள்ளூர்க்காரர்களின் பழக்கம். உண்மையில் கடலின் செழிப்பு இந்த மாதிரி ஆழமில்லாத ஓரங்களில்தான் இருக்கிறது. மெகலோடானும் குட்டிகளை இத்தகைய கரையோர நீரில்தான் வளர்த்தது. பனாமாவில் ஒரே இடத்தில் கிடைத்த சிறு பற்களை வைத்து, அது குட்டிகள் வளர்ந்த இடம் என்று 2010-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இனிச் சான்றுகளுக்கு வருகிறேன். சந்தையில் எனக்கு வழக்கமாக மீன் தரும் அண்ணன், பிள்ளை பெற்றவர்களுக்கென்று பால்சுறா கேட்டு யாராவது வந்தால் எனக்குத் தலையை எடுத்துவைப்பார். கத்தியால் தாடையைப் பிளந்து, ஈறை விரலால் பின்னுக்கு இழுத்துக் காட்டுவார். முன்வரிசைப் பல்லுக்குப் பின்னால் அடுத்த வரிசை, அதற்கும் பின்னால் இன்னொன்று, ஈறுக்குள் மடங்கிப் படுத்தபடி, தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து தங்கள் முறைக்குக் காத்து நிற்பவர்களைப் போல. முன்பல் விழுந்தால் பின்பல் முன்னே வரும். வாழ்நாளில் ஒரு சுறா ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கும். மெகலோடானும் அப்படியே. இன்றைக்கு அது உயிரோடு இருந்தால், உள்ளங்கை அளவுள்ள புதிய வெள்ளைப் பற்கள் கடல் தரையெங்கும் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். இழுவலைகள் தரையைச் சுரண்டாத நாளில்லை. வந்த பல் ஒவ்வொன்றும் கல்லாகிப்போன பல்.

இங்கேதான் காணொளிக்காரர்கள் சேலஞ்சர் கப்பலைக் கொண்டுவருவார்கள். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களை ஆராய்ந்த அந்தப் பிரிட்டிஷ் கப்பல், பசிபிக்கில் 4,000 மீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து மெகலோடான் பற்களை வாரியெடுத்தது உண்மை. அவற்றின்மேல் மாங்கனீசு படிந்திருந்தது. 1959-இல் ஓர் ஆய்வாளர் அந்தப் படிவின் தடிப்பை அளந்து, படியும் வேகத்தால் வகுத்து, ஒரு பல்லுக்கு 24,000 ஆண்டு, இன்னொன்றுக்கு 11,000 ஆண்டு என்றார். அவ்வளவுதான், மெகலோடான் நேற்றுவரை இருந்தது என்ற கதை பிறந்துவிட்டது. ஆழ்கடலில் மாங்கனீசு மிக மிக மெதுவாகப் படியும். பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர். படிவு இடையில் நின்றும் போகலாம். ஆகவே பற்கள் அதைவிட மிகப் பழையவையாக இருக்கலாம், அந்தக் கணக்கு நிற்கவில்லை. ஆனால் 11,000 என்ற எண் மட்டும் இன்றைக்கும் கைப்பேசியில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

1997-இல் அமெரிக்க ஆய்வு நிறுவனமான நோவாவின் கடலடி ஒலிவாங்கிகள் பசிபிக்கில் பிடித்த பேரொலியும் இப்படித்தான். பெரிய விலங்கின் குரல் என்று பலர் ஆசைப்பட்டார்கள். அண்டார்டிகாவில் பனி உடையும் ஓசை என்று பிறகு தெளிவாகியது.

எனக்கு எல்லாவற்றையும்விட வலுவாகப் படும் சான்று வேறு. ஆழ்கடலிலிருந்து இரவில் மேலே வரும் சிறு சுறா ஒன்று உண்டு. அரை மீட்டர் நீளம்தான். அது திமிங்கிலத்தின் மேல் வாயைப் பொருத்தி, உடம்பைச் சுழற்றி, வட்டமாக ஒரு துண்டுச் சதையை வெட்டியெடுத்துக்கொண்டு போய்விடும். அந்தக் காயத்தைத் திமிங்கில வேட்டைக்காரர்கள் பார்த்தார்கள், ஆய்வாளர்கள் பார்த்தார்கள், யார் செய்தது என்று வெகுநாள் வாதிட்டார்கள், கடைசியில் கண்டுபிடித்தார்கள். 1970-களில் அதே சுறா நீர்மூழ்கிக் கப்பல்களின் ரப்பர் உறைகளையும் கடித்து வைத்தது. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 லட்சம் திமிங்கிலங்களைக் கொன்று, கப்பலில் ஏற்றி, தோலுரித்தார்கள். பெருங்கணவாயின் உறிஞ்சிகள் பதித்த வட்டத் தழும்புகளைக்கூடக் குறித்துவைத்தவர்கள் அவர்கள். கையளவு வாய் விட்டுச்சென்ற காயம் கண்ணில் பட்டிருக்கும்போது, ஆள் நின்றபடி நுழையக்கூடிய வாய் விட்டுச்செல்லும் காயம் 29 லட்சம் உடல்களில் ஒன்றில்கூடவா தென்படாமல் போகும்?

"அப்படியானால் சீலகாந்த், டீச்சர்?" என்று கேட்கும் பிள்ளை எனக்குப் பிடித்த பிள்ளை. 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில், ஒரு இழுவலைப் படகின் மீன்குவியலில், மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் என்ற அருங்காட்சியகப் பெண் நீலம் பாய்ந்த ஒரு விசித்திர மீனைக் கண்டெடுத்தார். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் டைனோசருடன் அழிந்துவிட்டதாக எல்லாரும் நம்பிய மீன் அது. 1997-இல் நம் அண்டையிலேயே, சுலாவேசியின் மனாடோவில், ஒரு மீன்சந்தையில் அதன் உறவுமீன் தென்பட்டது. அங்குள்ள மீனவர்களுக்கு அது ராஜா லாவுட் என்று முன்பே பழக்கமான மீன். 1976-இல் ஹவாய்க்கு அருகே அமெரிக்கக் கடற்படைக் கப்பலின் மிதவை நங்கூரத்தில் நாலரை மீட்டர் நீளமுள்ள பெருவாய்ச் சுறா ஒன்று சிக்கியது. அதற்கு முன் அப்படியொரு சுறா இருப்பதே அறிவியலுக்குத் தெரியாது.

இரண்டும் நடந்தவை. நடந்த விதத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். சீலகாந்த் சில நூறு மீட்டர் ஆழத்துக் குகைகளில் பகலெல்லாம் அசையாமல் கிடந்து, இரவில் மெல்ல நகர்ந்து இரை தேடுகிறது. பெருவாய்ச் சுறா மிதவையுயிர்களை வடிகட்டித் தின்கிறது, வேட்டையே கிடையாது. குறைவாகத் தின்று, அமைதியாக வாழ்ந்ததால்தான் இரண்டும் கண்ணில் படாமல் இருக்க முடிந்தது. கோலசிலாங்கூர்ப் பக்கத்துச் சதுப்புக் கரைக்கு வந்தால் இன்னொரு முதியவரைக் காட்டுவேன். பெலாங்காஸ் என்று மலாயில் சொல்லும் குதிரைலாட நண்டின் குலம் 44 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டது.  அது எந்த ஆழத்திலும் ஒளியவில்லை. சேற்றில் புழுவையும் சிப்பியையும் தின்றுகொண்டு நம் காலடியில் கிடக்கிறது. நீண்ட காலம் பிழைத்த உயிர்களைப் பார்த்தால், பெரும்பாலும் சிறிதளவில் நிறைவடைகிற உயிர்களாக இருக்கின்றன. மெகலோடான் அந்த வகையில் வராது.

மெகலோடான் அழிந்த காரணம் ஒன்றே என்று யாரும் சொல்வதில்லை. கடல் குளிர்ந்தது. கடல் மட்டம் இறங்கி, குட்டிகள் வளர்ந்த கரையோர நீர் சுருங்கியது. அதன் இரையாக இருந்த சிறு திமிங்கில வகைகள் பல குறைந்தன. அதே நேரத்தில் வெள்ளைச் சுறா என்ற புதிய வேட்டைக்காரன் பெருகியது. பற்களிலுள்ள துத்தநாக ஐசோடோப்புகளை 2022-இல் ஆராய்ந்தவர்கள், அந்த இரண்டும் உணவுச் சங்கிலியில் ஏறத்தாழ ஒரே படியில் இருந்ததைக் கண்டார்கள். பெரிய உடம்புக்கு அதிக இரை வேண்டும். சிறிய உடம்புக்குக் குறைவாக இருந்தாலே போதும். கரையும் இரையும் போனபோது பெரியது போனது. கீழே இறங்கித் தப்பிக்க அதற்கு வழி இருக்கவில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் காடு அழியும்போதெல்லாம் ஒரு வாக்கியம் கேட்கும். ராஜா மூசா பக்கம் சதுப்புக்காடு எரிந்து புகை ஊரை மூடிய நாள்களிலும் கேட்டேன். "மிருகமெல்லாம் உள்காட்டுக்குப் போயிருக்கும்." தோட்டத்து ஓரத்தில் நாங்கள் சிறுவயதில் பார்த்த இருவாசிப் பறவையைப் பற்றியும் இதையே சொன்னார்கள். உள்காடு என்று ஒன்று எப்போதும் இருக்கும், போனவையெல்லாம் அங்கே நலமாக இருக்கும் என்பது நம்மை நாமே ஆற்றிக்கொள்ளும் பேச்சு. மெகலோடான் ஆழத்தில் இருக்கிறது என்பதும் அதே பேச்சுதான். பிள்ளைகள் வியப்பினால் நம்புகிறார்கள். அதில் குறை காண மாட்டேன். பெரியவர்கள் நம்பும்போதுதான் எனக்குக் கவலை.

ஏனென்றால் அந்தப் பேச்சு மீன்சந்தை வரை வந்துவிட்டது. போன மாதம் அண்ணனிடம், முன்பெல்லாம் வண்டியில் பாதி நீளத்துக்குச் சுறா வருமே, இப்போது முழங்கை அளவில்தானே வருகிறது என்றேன்.

"பெரியதெல்லாம் ஆழத்துக்குப் போய்விட்டது, டீச்சர். இந்தப் பக்கம் படகு அதிகம், சத்தம் அதிகம்" என்றார்.

"போகவில்லை, அண்ணே. பிடித்துவிட்டோம்" என்றேன்.

தராசை நிறுத்திவிட்டுப் பார்த்தார். 1970-லிருந்து அரை நூற்றாண்டுக்குள் திறந்த கடலில் வாழும் சுறாக்களும் திருக்கைகளும் 71 விழுக்காடு குறைந்துவிட்டன என்று 2021-இல் வெளிவந்த ஆய்வைச் சொன்னேன். முதன்மைக் காரணம் மீன்பிடிப்பு. சுறா மெதுவாக வளரும், பல ஆண்டுகள் கழித்தே பருவமடையும், குட்டிகளும் குறைவு. அது பெருகுவதற்குள் நாம் பிடித்துவிடுகிறோம். மலேசியாவில் 1999-ஆம் ஆண்டு மீன்வளச் சட்ட விதிகளில் திமிங்கிலச் சுறாவையும் வேளா மீனையும் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். வேளாவுக்கு அது மிகவும் பிந்திய உதவி. ரம்பம் போன்ற அதன் மூக்கை அண்ணனின் அப்பா வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தாராம். உயிரோடு ஒன்றைப் பார்த்தது உண்டா என்று கேட்டேன். சின்ன வயதில், பாசிர் பெனாம்பாங் படகுத்துறையில், என்றார். அவருடைய பிள்ளைகள் பார்த்ததில்லை.

மறுநாள் வகுப்பில் மெகலோடான் பல்லோடு அண்ணன் கொடுத்த பால்சுறாத் தாடையையும் மேசையில் வைத்தேன். சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துக் காயவைத்தது. எது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று கேட்டதற்குச் சின்னதைக் காட்டினார்கள். எத்தனை நாளைக்கு இருக்கும் என்று நான் கேட்கவில்லை, அவர்களே கேட்டார்கள். எந்தச் சுறாவைப் பிடிக்கக் கூடாது என்ற பட்டியல் தமிழில் கிடைக்குமா என்றும் ஒருத்தி கேட்டாள். அதை இந்த வாரம் எழுதி, மீன்சந்தைத் தூணில் ஒட்டப் போகிறோம். அண்ணன் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.